பெட்டிக்குள் இருந்த கால்

செயற்கைக் கால் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் இருவரையும் தூதுவர்களாகத் தேர்ந்தெடுத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பன்னிரண்டு வயதில் கல்முனை பிரதான வீதியில் நடந்த விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். அதே நிறுவனம் தந்த செயற்கைக் காலோடுதான் நடக்கிறேன். நான் முஸ்லிம் பிள்ளை. மற்றவள் என் கூட்டாளி. கல்முனைக் கடற்கரையில் மீன்பிடிக்கும் குடும்பத்துத் தமிழ்ப் பிள்ளை. சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலி. கூட்டங்களுக்குப் போய், எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை என்று சொல்வதுதான் எங்கள் வேலை. விரும்பித்தான் போனோம்.

முதல் கூட்டம் நிந்தவூரில். மண்டபத்தின் மேடைக்கு ஏறப் படிகள் மட்டும்தான். நான்கு பேர் வந்து கூட்டாளியை நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்கள்.

"என்னத் தூக்க வேணாம். மைக்கக் கீழ கொண்டு வாங்க" என்றாள்.

கொண்டுவந்தார்கள். கீழேயிருந்தே இருவரும் பேசினோம். எங்களுக்குப் பின்னால் பெரிய பதாகை ஒன்று தொங்கியது. அதில் ஒரு பிள்ளை புதுச் செயற்கைக் காலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு தாய் வந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது என்ட மகள்."

"மாஷா அல்லாஹ். இப்ப நல்லா நடக்கிறாவா?"

"எங்க மகள் நடக்கிற? கால் பெட்டிக்குள்ள இரிக்கி."

அந்தச் சனிக்கிழமை ஓட்டோ பிடித்துப் பாலமுனைக்குப் போனோம். பிள்ளைக்குப் பதினேழு வயது. டியூசனுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் மோதி இடது கால் போயிருந்தது. எங்களைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்களும் போட்டோ எடுக்கவா வந்த?"

"எங்களுக்கிட்ட கமராவே இல்ல. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க. வெயில்ல காய்ஞ்சு வந்திருக்கம்" என்றாள் கூட்டாளி.

தாய் தண்ணீரோடு பெட்டியையும் கொண்டுவந்தார். காலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பாதிதான் கிழிந்திருந்தது. மூன்று நாள் போட்டாளாம், தோல் உரிந்து இரத்தம் வந்ததாம். நிறுவனத்துக்கு அழைத்துச் சொன்னபோது வருகிறோம் என்றார்களாம். ஒரு வருடமாக எவரும் வரவில்லை.

நான் நிலத்தில் உட்கார்ந்து என் காலைக் கழற்றினேன். தடித்துக் கறுத்த தோலைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன். அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நோகுமா ராத்தா?" என்று அக்காவிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

நம்பிக்கை தரும் வார்த்தைகளை மட்டும் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஓம், நோகும். முதல் ஆறு மாசம் அழுதழுதுதான் நடந்தன். ஆனா உனக்கு நோகிறது வேற. இது உன்ட அளவே இல்ல. வெட்டின இடம் போகப் போகச் சுருங்கும். அதுக்கேத்த மாதிரித் திருத்தணும். எனக்கு நாலு தரம் திருத்தின."

அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து தகப்பன் வந்தார். கணுக்கால் வரை சேறு. வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னார்:

"ஸதக்காவா, தருமமாத் தந்த சாமான் மகள். தந்தவங்களக் குறை செல்லக் கூடாது."

"குறை செல்லல்ல மாமா. ஒரு சட்டை தைச்சுக் குடுத்தாலும் அளவு பார்த்துத்தானே குடுக்கிற? இது கால்" என்றேன்.

கூட்டாளி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"எங்களுக்குத் தூதுவர் எண்டு பேர் வெச்சிருக்காங்க. அவங்கட கதைய இஞ்ச கொண்டு வந்தம். உங்கட கதைய அங்க கொண்டு போகத்தானே வேணும்?"

தகப்பன் மகளைப் பார்த்தார். "நீ என்ன செல்றாய்?"

"நானும் போறன் வாப்பா. என்ட படத்தயும் கழட்டச் செல்லணும்."

திங்கட்கிழமை அவள் ஊன்றுகோல்களோடு கல்முனை அலுவலகத்துக்கு வந்தாள். நான் பெட்டியை அதிகாரியின் மேசையில் வைத்தேன். எனக்கு அடுத்த கால் தர வேண்டியவர்களும் இவர்கள்தான். இல்லை என்றுவிட்டால் நான் எங்கே போவேன்?

"அடுத்த முகாம் வரட்டும் தங்கச்சி, பாப்பம்" என்றார் அவர்.

"முகாம் எப்ப சேர்?"

"இன்னும் முடிவாகல்ல."

"அப்ப, அதுவரைக்கும் அந்தப் பதாகைக்கு முன்னால நாங்க கதைக்க மாட்டம்."

சொல்லிவிட்டுப் பெட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். கூட்டாளி நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, "நான் இஞ்சயே நிக்கிறன் சேர்" என்றாள்.

அவர் அப்போதுதான் அந்தப் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "படத்தில இரிக்கிறது நீங்களா?"

"ஓம் சேர். அண்டைக்கு மட்டும்தான் சிரிச்சன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கால் செய்து கொடுப்பவருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த வாரமே அளவு எடுத்தார்கள். பதாகையைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார்கள். மேலிடத்தில் யாருக்கோ கோபம். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு எங்களை அழைக்கவில்லை. நாங்கள் சும்மா இருக்கவில்லை. செயற்கைக் கால் பெற்றவர்களை விசாரித்து விசாரித்து வீடு வீடாகப் போனோம். இன்னும் சிலரும் பொருந்தாத காலை ஓரத்தில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய விவரங்களோடு மறுபடி அதே மேசைக்கு முன்னால் போய் நின்றோம். இந்த முறை அதிகாரி எங்களுக்கு முதலில் கதிரை போடச் சொன்னார். இப்போது கால் கொடுத்த ஒவ்வொருவரையும் சில மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். கூட நாங்களும் போகிறோம்.

பாலமுனைப் பிள்ளையின் கால் மூன்றாம் திருத்தத்தில்தான் பொருந்தியது. உயர்தர வகுப்புக்குத் திரும்பிய முதல் நாள், வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை தனியாகத்தான் நடப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாளாம். தகப்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு தூரத்தில் பின்னால் போயிருக்கிறார். மூன்று இடத்தில் நின்று நின்று போனதில் முதல் பஸ் போய்விட்டது. இரண்டாவதில் ஏறினாள்.

அன்று பின்னேரம் எனக்கு அழைத்தாள்.

"ராத்தா, கால் செவந்து போய் இரிக்கி."

"தோல் உரிஞ்சிரிக்கா?"

"இல்ல. செவந்து மட்டும்தான். எண்ண பூசி இரிக்கன். நாளைக்கு முதல் பஸ்ஸப் புடிக்கணும். எத்தின மணிக்கு வெளிக்கிட்டாச் சரி வரும்?"