ஒற்றைப் புருவம்

நூலைப் பல்லில் கடித்து ஒரு புருவத்தைச் சீராக்கிவிட்டு, மற்றொன்றைத் தொடாமல் நிற்பார் அழகு நிலையத்து அக்கா. அரைகுறை முகத்தோடு யாரும் தெருவில் இறங்கமாட்டார்கள். கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்பார்: “கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தியா?”

ஊருக்கெல்லாம் சாயம் பூசுகிறவரின் தலை முழுக்க நரை. “முகத்தப் பாக்க வந்தவங்ககிட்ட வயித்தப் பத்திக் கேக்குறியே” என்று வீட்டுக்காரர் சீண்டுவார். “கண்ணாடியில தெரியாத இடத்த வேற யாரு கேப்பா?” என்பார் அக்கா. அவருடைய ஓரகத்தி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில்தான் போனார். உதிரப்போக்கை உடம்புச் சூடு என்று சொல்லிக் கடைசிவரை மறைத்திருக்கிறார்.

எழுந்து ஓடமுடியாத நேரம் பார்த்துக் கேட்பது நியாயமா என்று, வாடிக்கையாக அங்கே போகும் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. போன வாரம் வரை.

அன்று நாற்காலியில் ஒற்றைப் புருவம் முடிந்த நிலையில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி. அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். “மாசக் கணக்கு இல்லாம நடுவுல நடுவுல ரத்தம் படுதுக்கா. ஆனா நான் எந்தத் தப்பும் பண்ணலையே. அவரும் தங்கமானவரு.”

“தப்பப் பத்தி யாருடி பேசினா? இந்தப் புத்து ஒரு கிருமியால வர்றது. குடும்பம் நடத்துற யாருக்கும் அந்தக் கிருமி வரலாம். முக்காவாசிப் பேருக்கு ஜலதோஷம் மாதிரி தானா போயிடும். சிலர்கிட்டதான் காலி பண்ணாத குடித்தனக்காரன் மாதிரி வருஷக்கணக்கா உக்காந்துக்கும். சிகரெட் பிடிச்சா, எதிர்ப்புச் சக்தி கொறஞ்சா, இன்னும் நல்லா கால நீட்டிக்கும். அது உக்காந்த எடந்தான் பின்னால புத்தா மாறலாம். மாறுறதுக்கு முன்னாலயே பாத்தா சரி பண்ணிடலாம்.”

“யாரால வந்துச்சுன்னு வீட்ல கேட்டா?”

“எப்ப வந்துச்சுன்னே டாக்டரால சொல்லமுடியாது. யாரால வந்துச்சுன்னு அவங்க எப்படிச் சொல்லுவாங்க? உனக்கு வேற ஏதாவதாக்கூட இருக்கலாம். பாத்தாத்தானே தெரியும்?”

காரணத்தைத் தேடப் போய்க் குற்றவாளியைத் தேடுவது நம் வழக்கம். இரண்டையும் அக்கா பிரித்துவைத்தது புருவத்தின் கோடு போல இருந்தது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி, நாளைக்குப் போறேன். மத்த புருவத்தையும் எடுத்துவிடுங்கக்கா.”

நாளை என்ற சொல்லைக் கேட்டதும் நூலை எடுத்த அக்காவின் கை நின்றது. ஓரகத்தியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஈரத்தலையோடு காத்திருந்த என்னிடம் துவாலையை எறிந்தார். “நீயே துவட்டிக்கிட்டுக் கெளம்பு.” மின்விசிறியை நிறுத்தினார். டீச்சரின் தலையில் துப்பட்டாவை நெற்றி மறையும்படி இழுத்துவிட்டார்.

“ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருக்கிறப்போ மத்தத எடுத்துவிடுறேன், வா.”

நூல்கண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கதவை இழுத்துப் பூட்டினார்.