இடுப்பில் ஒரு கட்டை வாக்மேன்

ரயில் மாஹிமை விட்டுக் கிளம்பும்போதே அப்துல் வாஹித்தின் கண்கள் வேலையைத் தொடங்கிவிடும். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். எதிரே நிற்பவர்களின் இடுப்பைத்தான் பார்ப்பார். பெல்ட்டில் என்ன தொங்குகிறது, எந்தப் பக்கம் தொங்குகிறது, பொத்தான்கள் மேலே இருக்கின்றனவா பக்கவாட்டில் இருக்கின்றனவா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருவார். பம்பாய் லோக்கலில் இப்படி அடுத்தவன் இடுப்பையே பார்க்கிற ஆளை உலகம் என்னவென்று நினைக்கும்? பல தடவை சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு தடவை தாதரில் இறக்கிப் போலீஸ்காரர் முன்னால் நிறுத்திவிட்டார்கள். "நான் பாக்கெட் அடிக்குத ஆளு இல்ல, பாக்கெட் தைக்குத ஆளு" என்று இந்தியில் சொல்லித் தப்பித்து வந்ததாக அவரே சொன்னார். அப்படிச் சொல்லும்போதும் என் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தைப்பது வாக்மேனுக்கான தோல் உறை. காதில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே பாட்டுக் கேட்கிற அந்தச் சின்ன டேப் பெட்டி பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து அவருக்கு இதுதான் பிழைப்பு. அதற்கு முன்னால் பணப்பை தைத்தார். அதற்கும் முன்னால், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த புதிதில், தாராவியில் கூலிக்குத் தோல் சுமந்தார். இப்போது அதே தாராவியில் ஓர் ஒற்றை அறைப் பட்டறை. வாசலில் ஒரு மேஜை. மேஜைமேல் காதுக்கு வைக்கிற பஞ்சு, அறுந்துபோன ஒயர்களுக்கு மாற்று ஒயர், பேட்டரி மூடி, தோளில் மாட்டும் வார். உள்ளே அவர் மனைவி நஸீரா மெஷினில் தைத்துக்கொண்டிருப்பார். வாஹித்துக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி. சாயம் ஏறி ஏறி இரண்டு கட்டைவிரல்களும் தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டன. கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளை நூல் தொங்கும். அதுதான் அவருடைய அளவு நாடா. அளந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்.

பட்டறையின் பின்சுவரில் ஒரு பலகை. அதில் வாக்மேன்கள் வரிசையாக நிற்கும். முதல் தடவை போனபோது, மனுஷர் பெரிய பணக்காரர் போலிருக்கிறதே என்று நினைத்தேன். கிட்டப்போய்ப் பார்த்தால் எல்லாம் மரக்கட்டைகள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கட்டை, அதே நீளம், அதே கனம். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஆணித் தலை. பக்கத்துச் சந்தில் இருக்கும் நாணு ஆசாரி, வாஹித்தின் நூலைப் பார்த்தே செதுக்கிக் கொடுப்பார். அந்தக் கட்டையின்மேல் தோலை ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காயவைத்து, ஆணித் தலை தெரியும் இடத்தில் ஜன்னல் வெட்டி, ஓரம் தைத்தால் உறை தயார். மற்றபடி வாஹித்திடம் அசல் வாக்மேன் என்று ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால் சிரிப்பார். "எனக்கு எதுக்கு சார்? நமக்கு வெளிப்பக்கம்தானே வேலை, உள்பக்கம் இல்லியே."

புது உறை ஒன்று முடிந்ததும் அதைக் கட்டையோடு தம் இடுப்பில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றுவார். வார் இழுக்கிறதா, உட்காரும்போது குத்துகிறதா, பஸ் கூட்டத்தில் பிய்கிறதா என்று அப்படித்தான் சோதிப்பது. பார்க்கிறவர்கள் அவரிடம் நிஜ வாக்மேன் இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். "பாய், என்ன பாட்டு ஓடுது?" என்று யாராவது கேட்டால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "தேக்கு மரப் பாட்டு" என்பார்.

தோல் ஒரு பக்கம் என்றால் செய்தி இன்னொரு பக்கம். மாட்டுங்காவில் வாக்மேன் வைத்திருக்கும் கல்லூரிப் பையன்கள் அவரிடம் உறை வாங்க வருவதைவிடச் செய்தி கேட்கவே அதிகம் வருகிறார்கள். ஜப்பானில் அடுத்து என்ன வரப்போகிறது, சிங்கப்பூரில் எது இறங்கியிருக்கிறது, எந்த மாடலுக்கு பேட்டரி சீக்கிரம் தீர்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். துபாய் விமானம் வரும் நாளில் சஹார் விமான நிலையத்து வாசலில் போய் நிற்பார். கூட்டிப்போக அவருக்கு அங்கே யாரும் இல்லை. இறங்கி வருகிறவர்களின் இடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். மறுநாள் மேஜையில் செய்தி வாசிப்பார். "அடுத்ததுல கேசட்டத் திருப்பிப் போட வேண்டாமாம் தம்பி. அதுவே திரும்பிப் பாடுமாம்." பாதிச் செய்தி பலிக்கும். பலிக்காத பாதியைப் பற்றிக் கேட்டால், "ஜப்பான்காரன் மனசு மாறிட்டான், நான் என்ன செய்ய?" என்பார்.

இந்தச் செய்தி வெறியே போன வருஷம் அவரைக் கவிழ்த்துவிட்டது. புது மாடல் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு. யாரோ ஒருவர் அதைக் கையில் கொண்டுவந்து காட்டினார். வாஹித் அளந்தார், நாணு செதுக்கினார், பெருநாள் வியாபாரத்துக்கென்று இருந்த தோலையெல்லாம் வெட்டிவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர் அளந்தது உல்லாஸ்நகர்ப் பக்கம் படத்தைப் பார்த்துச் செய்த நகல் என்று. அசல் கப்பலேறும் முன்பே நகல் கடைக்கு வந்துவிட்டது! அசலோ அரை விரல் மெலிசு. உறைக்குள் போட்டால் கொட்டாங்கச்சிக்குள் கொட்டைப்பாக்கு மாதிரி ஆடியது. வெட்டின தோலை ஒட்டவா முடியும்? இரண்டு மெஷின்களில் ஒன்று விலை போனது. நஸீரா இன்றைக்கும் அந்தக் காலி இடத்தில் எதையும் வைக்க விடுவதில்லை.

இந்த வருஷமும் ஒரு புது மாடல். பாட்டு மட்டும் இல்லை, பேசினால் பதிவு செய்துகொள்ளுமாம், அதற்கென்று தனியாக ஒரு சிவப்புப் பொத்தானாம். மாஹிமில் இருக்கும் மொத்த வியாபாரி ஒருவர், எல்லாரும் 'சேட்' என்பார்கள், பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எவன் சரியான மாதிரி உறை கொண்டு வருகிறானோ அவனுக்குத்தான் பெருநாள் ஆர்டர் முழுவதும். வாஹித்துக்கு அது கிடைக்காவிட்டால் மிச்சமிருக்கும் மெஷினும் போகும். மறுபடி கூலிக்குத் தோல் சுமக்க வேண்டியதுதான். அசலைக் கையில் தொடாமல் கத்தியை எடுப்பதில்லை என்று நஸீராவிடம் சத்தியம் வேறு செய்திருந்தார். விமான நிலையத்தில் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் என் ரேடியோவுக்கு வார் மாற்ற நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஆண்டாப் ஹில்லிலிருந்து சொர்ணம் என்ற பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். முந்தானைக்குள் எதையோ பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள்.

"பாய், காதுப் பஞ்சு ஒண்ணு விழுந்துட்டு. பொருத்திக் குடுங்க."

முந்தானை விலகியது. வாஹித்தின் கை பஞ்சு டப்பாவுக்குப் போகாமல் பாதியிலேயே நின்றுவிட்டது. சிவப்புப் பொத்தான்.

"தங்கச்சி, இது எங்கேருந்து வருது?"

"மஸ்கட்டுல இருந்து. அவுக குடுத்து விட்டிருக்காக."

"இத ஒரே ஒரு ராத்திரி விட்டுட்டுப் போம்மா. விடிஞ்சதும் உன் வீட்டு வாசல்ல கொண்டாந்து தாரேன். நஸீரா மேல சத்தியம்."

"உங்க சத்தியத்துக்கெல்லாம் நான்தான் கெடச்சேனா?" என்றது மெஷின் பக்கமிருந்து ஒரு குரல்.

சொர்ணம் பின்னால் நகர்ந்தாள். "ராத்திரியா? அது நடக்காது பாய். அவுக குரலு இதுக்குள்ளதான இருக்கு."

விஷயம் இதுதான். சொர்ணம் பம்பாயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. புருஷன் எழுதுகிற கடிதத்தை இதுவரை அடுத்த வீட்டுக்காரர்தான் படித்துச் சொல்லி வந்தார். அடுத்த வீட்டுக்காரர் படிக்கப் போகிறார் என்று தெரிந்து ஒரு மனுஷன் என்னத்தை எழுதிவிடுவான்? நலம், நலமறிய ஆவல், அம்மாவை டாக்டரிடம் காட்டு. அதனால் இந்தத் தடவை அவன் எழுதாமல் பேசி அனுப்பிவிட்டான். ஒரே அறையில் மாமியார், கொழுந்தன், பிள்ளை என்று அத்தனை பேர் இருந்தாலும் இவள் காதில் மாட்டிக்கொண்டால் அவன் இவளோடு மட்டும் பேசுகிறான். சிவப்பைத் தொட்டால் பேசினது அழிந்துவிடும், யாரையும் தொட விடாதே என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறான்.

வாஹித் கெஞ்சவில்லை. போன வருஷக் கதையைச் சொன்னார், நாளை வெள்ளிக்கிழமை என்றும் சொன்னார். சொர்ணம் காலியாகக் கிடந்த மெஷின் இடத்தைப் பார்த்தாள், நஸீராவைப் பார்த்தாள்.

"விட்டுட்டுப் போக மாட்டேன். இங்கனயே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். அது முடியுததுக்குள்ள அளந்துக்கங்க. கேசட்டுக் கதவ மட்டும் தொறக்காதீங்க. போன வாரம் நாடா சிக்கி எனக்கு உசிரே போயிட்டு."

அப்படியே நடந்தது. சொர்ணம் ஸ்டூலில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஒயரின் மறுமுனையில், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைச் சுற்றி வாஹித் நூலை ஓட்டினார். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. நஸீரா மெஷினை நிறுத்திவிட்டார். அறை அமைதியானதும் ஒரு வேடிக்கை நடந்தது. காதில் மாட்டியிருப்பவர்களுக்குத் தம் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாது அல்லவா? சொர்ணம் புருஷனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"ம்... சாப்பிட்டேன்." கொஞ்சம் கழித்து, "அதை உங்க அம்மைகிட்டக் கேளுங்க." பிறகு ஒரு சிரிப்பு. பிறகு கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. நான் என் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நஸீரா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த அறையைவிட்டு எழுந்து போய்விடலாம் என்றும் இருந்தது, போக மனமில்லாமலும் இருந்தது.

நீளம், கனம், மூலை, மற்றப் பொத்தான்கள் எல்லாம் முடிந்தன. மிச்சம் சிவப்புப் பொத்தான். அது உள்ளே அமுங்குகிறதா, ஒரு பக்கமாக நகர்கிறதா என்று தெரியாமல் ஜன்னல் வெட்ட முடியாது. ஜன்னல் சிறுத்துப்போனால் தோலே அதை அழுத்திக்கொண்டு நின்றுவிடும். வாஹித்தின் கட்டைவிரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது. சொர்ணத்தின் கண் மூடியிருந்தது. ஓர் அழுத்து அழுத்திவிட்டு எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? விரல் அங்கேயே இருந்தது. சொர்ணம் காதில் கேட்கும் குரலுக்கு, "ம், சொல்லுங்க" என்றாள். வாஹித் விரலை எடுத்துவிட்டார்.

அவள் புதுப் பஞ்சோடு கிளம்பிப் போனபின் கேட்டேன். "ஒரு நொடிதானே பாய்? அழுத்திப் பார்த்திருக்கலாமே."

"எந்த நொடின்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்?" என்றார். "புள்ள பேரச் சொல்லிக்கிட்டிருந்தாருன்னா?"

அன்று சாயங்காலமே நாணு கட்டையைச் செதுக்கி, சிவப்புப் பொத்தான் வரும் இடத்தில் ஆணித் தலைக்குச் சிவப்புப் பெயிண்டும் தொட்டுக் கொடுத்தார். அமுங்குமோ நகருமோ தெரியாததால் அந்த இடத்தில் வாஹித் ஜன்னலைப் பெரிதாகவே வெட்டினார். திறந்து கிடந்தால் ஆபத்து என்று அதன்மேல் சின்னக் கிண்ணம் போல உப்பலாக ஒரு தோல் மூடி வைத்து, பிரஸ் பட்டன் அடித்தார். திறந்தால் சிவப்பு தெரியும். மூடினால் யார் விரலும் படாது.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஓர் உறைக்காகப் போனவன் பம்பாயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சேட்டிடம் அன்று காலைதான் அசல் வந்திருந்தது. உள்ளே போட்டார். ஆடவில்லை, இடிக்கவில்லை, பொத்தான்கள் எல்லாம் ஜன்னலுக்கு நேராக நின்றன. வாஹித் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. சேட் மூடியைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"யே டக்கன் காயகோ?" இந்த மூடி எதற்கு, வீண் தோல், வீண் வேலை, பிய்த்து எறி என்றார்.

வாஹித்துக்கு மூடியைப் பிய்க்க ஒரு நிமிஷம் ஆகாது. பிய்த்தால் மொத்த ஆர்டரும் அவருக்குத்தான். ஆனால் அவர் தம் கடையநல்லூர் இந்தியில் சொன்னார்: "நீச்சே ஆத்மி ஹை, சேட்." கீழே ஆள் இருக்கிறது.

சேட்டுக்குப் புரிந்ததோ இல்லையோ. மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பாதி உறை மூடியோடு, பாதி மூடியில்லாமல் என்று கடைசியில் முடிவானது. பாதிக்குமேல் வாஹித்தும் பேரம் பேசவில்லை. ஆர்டர் கைக்கு வந்துவிட்டது, மெஷின் பிழைத்தது. திரும்பி வரும் வழியில் நஸீராவுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று என்னிடம் கேட்டார். முதல் உறையை ஆண்டாப் ஹில்லுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை காலை மாஹிம் பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். புது உறை இடுப்பில் இருந்தது. சோதனை நாள். ரயில் வந்தது, நெருக்கித் தள்ளி ஏறினோம். வழக்கம்போல எதிரே நிற்பவர்களின் இடுப்பையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். தாதர் நெருங்க நெருங்கக் கூட்டம் இறங்குவதற்காக எங்களை இடித்துக்கொண்டு முண்டியது. வாஹித்தின் பார்வை திரும்பவில்லை; இடது கை மட்டும் இடுப்புக்குப் போயிற்று. உறைக்குள் இருந்தது நாணு செதுக்கிய கட்டைதான். சாயம் ஏறிய கட்டைவிரலால் அந்தச் சின்ன மூடியை ஒரு தடவை அழுத்தி, சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.