இரண்டு தடவை மாற்றிய பொனட் ஷொக்

மற்றவர்களின் காரில் எஞ்சின் மூடியான பொனட்டைத் தூக்கினால் முட்டுக்கொடுக்க ஒரு இரும்புக் கம்பி இருக்கும். அதை மாட்டிவிட்டால் மூடி சிவனே என்று நிற்கும். என் தலையெழுத்து, நான் வாங்கிய பழைய காரில் அது கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் காற்றடைத்த ஷொக். குழாய்க்குள்ளிருந்து பளபளப்பான ஒரு தண்டு நீண்டு மூடியைத் தாங்கும். உள்ளே காற்று குறைந்துவிட்டால் தாங்காது. குறைந்துவிட்டது என்பதை என் தலைதான் முதலில் தெரிந்துகொண்டது.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் தண்ணீர் குடிக்காமல் கார் எங்கள் ஊர் இரத்தோட்டையை விட்டு நகராது. மூடி சத்தமில்லாமல் இறங்கி உச்சந்தலையில் விழுந்தது. ஐந்து தையல். கூட வந்த என் மனைவி இரத்தத்தைப் பார்த்து ஆஸ்பத்திரியிலேயே மயங்கிவிட்டாள். எனக்குத் தையல் போட வந்த நர்ஸ் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போனார்.

மாத்தளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் நாநா, அவரிடம் புது ஜோடி வாங்கினேன். அவரே மாட்டியும் கொடுத்தார். விளக்குமாற்றுக் கட்டையால் மூடிக்கு முட்டுக்கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை நெம்பிப் பழையதைக் கழற்றி, புதியதை அழுத்தி மாட்டினார். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டார். பத்து நிமிட வேலை. ஒரு விரலால் தூக்கினால் போதும், மீதியை மூடி தானே பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து மனைவிக்கு நாலு தடவை தூக்கிக் காட்டினேன்.

மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை. ஒரு காலை, தூக்கிய மூடி கையிலேயே கனத்தது. விட்டால் விழுகிறது. எனக்கு வந்ததே கோபம். ஒரு கையால் தாங்கி மறுகையால் தண்ணீர் ஊற்றி, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு, நேரே மாத்தளைக்குப் போனேன். பழைய சாமானைத் துடைத்துப் புதிது என்று தலையில் கட்டிவிட்டார் மனுஷன். சொல்ல வேண்டியதையெல்லாம் வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன்.

கடையில் நாலு பேர் நின்றார்கள். நல்லதாகப் போயிற்று என்று சத்தமாகவே கேட்டேன்.

"என்னா நாநா, கழிச்சுப் போட்ட சாமானையா எனக்குக் குடுத்தீங்க? இன்னொரு தடவ மண்ட ஒடஞ்சா யாரு பொறுப்பு?"

நாநா வெளியே வந்து மூடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, ஷொக்கின் தண்டை நகத்தால் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது.

"இதுல என்ன அண்ணே ஒட்டிக்கிட்டு ஈக்கிது?"

சந்தனமும் குங்குமமும். வெள்ளிக்கிழமை தோறும் சாமி கும்பிட்ட கையோடு என் மனைவி காருக்குப் பொட்டு வைப்பாள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வாகனத்துக்கு வைப்பதுதான். ஸ்டியரிங், பட்டரி, நம்பர் பிளேட் என்று அவள் விட்டுவைத்த இடமே கிடையாது. தினமும் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போய்விட்டது.

"காஞ்ச சந்தனம் மண்ணு மாதிரி. மூடுறப்பெல்லாம் தண்டோட உள்ள போய் ரப்பர அறுத்திருக்கு. பொறகு காத்து நிக்குமா? இந்தத் தண்டுல எண்ணெயே பூச ஏலாது, சந்தனம் பூச ஏலுமா?"

நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். கத்திக் கேட்டவன் மெதுவாக மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு ஜோடியை மாட்டச் சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் கோபம் ஆள் மாறியிருந்தது. வாசலில் காரை நிறுத்தியதும் மனைவியைக் கூப்பிட்டேன்.

"வண்டி பூரா எடம் கெடக்கு. போயும் போயும் அந்தத் தண்டுலதான் பொட்டு வைக்கணுமா?"

"மத்த எடத்துல வழக்கத்துக்கு வைக்கிறேங்க. அதுல மட்டுந்தான் வேண்டிக்கிட்டு வைக்கிறது."

"என்னான்னு?"

"இன்னொரு தடவ இவரு தலையில விழுந்துறாதன்னு."

ரப்பர், காற்று, காய்ந்த சந்தனம் என்று நாநா சொன்னதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். இனிமேல் அந்தப் பொட்டையும் முன்கண்ணாடியிலேயே வை என்றேன்.

"கண்ணாடியா உங்க மண்டைய ஒடச்சுச்சு? ஒடச்சதுகிட்டதானேங்க கேக்கணும்."