உலோகம் படாத கஷாயம்

சீனாக்காரியை வைத்திருந்தார் என்று வாய் கூசாமல் சொல்கிறார்களே, அந்த அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. வாயில் நான்கே பல். எதிர்வீட்டு விஜயலட்சுமி என் மாப்பிள்ளை ஏழுமலையை, கல்கத்தாவில் சீனாக்காரர்கள் குடியிருக்கிற டிரெட்டி பஜாரில் பார்த்தாளாம். பெண்டாட்டி செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவளுடைய சீர்ப் பாத்திரத்தையே பையில் போட்டுச் சீனத்தி வீட்டுக்குள் கொண்டுபோனாராம். கொண்டுபோனது உண்மைதான். கூடவே போனது நான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாயே, இதை முதலில் எழுது.

ஹவுராவில் ஒரு வார்ப்புப் பட்டறையில் பதினெட்டு வருஷம் அவருக்கு கிரைண்டிங் வேலை. வார்த்த இரும்பின் பிசிறைத் தேய்த்து எடுப்பது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு போவார், அது சாயங்காலம் கரியாகத் திரும்பி வரும். என் மகள் சுலோசனா துவைத்துப் போடுவாள். தொண்ணூற்றேழில், துர்கா பூஜை முடிந்த வாரம், மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். அவர் ஒரு சொட்டு அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே பட்டறைக்குப் போனார். கல்நெஞ்சன் என்றது தெரு. அதன்பிறகு அவள் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை. "உங்க பொண்ணு" என்பார், அவ்வளவுதான்.

அப்புறம் இருமல். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் தூசி படிந்திருக்கிறது, படிந்தது போகாது, மேலும் படியாமல் இருக்க வேலையை விடு என்றார்கள். விட்டுவிடுங்கள் என்று நானும் சொன்னதற்கு, "அத்தை, நீங்க இருக்கிற வரைக்கும் விட மாட்டேன். உங்கள யாரு பாக்கிறது?" என்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. அவர் மூச்சைத்தானே நான் தின்றுகொண்டிருந்தேன்.

பட்டறையில் கூட வேலை செய்த மாரியப்பன்தான் சீன வைத்தியம் பார்க்கும் லியாங் அம்மாளைச் சொன்னான். ஹவுரா பாலத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி மூன்று இடத்தில் நின்றார் மாப்பிள்ளை. அந்த அம்மாள் இரண்டு கையிலும் நாடி பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு இந்தியில் நிதானமாகச் சொன்னாள். உடம்பில் மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணீர் என்று ஐந்து உண்டாம். நுரையீரல் உலோகத்தைச் சேர்ந்ததாம், துக்கம் தங்குகிற இடமும் அதுதானாம். இவருக்கு உலோகம் பலவீனமாக இருக்கிறதாம். வேரும் பட்டையுமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

மருந்தென்றால் நான் மண்சட்டியில்தான் காய்ச்சுவேன். அன்றைக்கு எனக்குப் புத்தி அதிகமாகிவிட்டது. உலோகம் குறைவு என்றுதானே சொன்னாள் என்று சட்டியை ஓரங்கட்டிவிட்டு, சுலோசனாவின் கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சினேன். குடிக்கச் செம்புத் தண்ணீர் வேறு. இருபது நாள் ஆகியும் இருமல் குறையவில்லை. எதில் காய்ச்சுகிறாய், அதைக் கொண்டுவா என்றாள் லியாங் அம்மாள். பையில் போனது அந்தப் பாத்திரம்தான்.

பார்த்ததும் சிரித்தாள் கிழவி. "பகலெல்லாம் இவன் இரும்பத்தானே திங்கிறான், இன்னும் ஊட்டுறியா? நான் சொன்ன உலோகம் கடையில விக்கிறது இல்ல. உலோகம் பட்டா மருந்தே கெட்டுப்போகும். மண்ணுல காய்ச்சு."

பாத்திரத்தைத் திருப்பியவள் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தைத் தடவினாள். "இது என்ன?"

"பேரு" என்றார் மாப்பிள்ளை.

"யாரு பேரு?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே எழுத்து தெரியும்? பாத்திரத்தைக் கையில் வாங்கினார். "சுலோசனா" என்றார். சொன்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருமலும் அழுகையும் பிரித்துச் சொல்ல முடியாமல் வந்தது. நான் தோளைப் பிடிக்கப் போனேன்.

"விடு, அழட்டும்" என்றாள் கிழவி. "இலை உதிர்ற காலம்தான் நுரையீரலோட காலம். மரமே விடுது, இவன் விடல." பிறகு அவரிடம், "அந்தத் தூசிய விட்டாத்தான் வா. இல்லன்னா என் மருந்து சாக்கடைக்குத்தான்."

மண்சட்டிக் கஷாயத்தில் தூக்கம் வந்தது, இருமல் கொஞ்சம் தணிந்தது. தூசி போகவில்லை, போகாது என்றுதான் படம் பார்த்தவர்களும் சொன்னார்களே. மாரியப்பனின் அண்ணன் ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்தான். இவர் என்னையும் கூப்பிட்டார். என் பெண்ணைக் கரைத்த கங்கை இங்கே ஓடுகிறது, நான் வரமாட்டேன் என்றேன். அப்படியென்றால் நானும் போகவில்லை என்றார். இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை நான். "இரும்பத் தின்னு எனக்குச் சோறு போட வேணாம். பவானிபூர் மெஸ்ஸுல தோசை வார்க்க ஆள் கேட்டாங்க, சரின்னுட்டேன்" என்றேன். மூன்றாம் நாள் பட்டறையில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

புறப்படும்போது மண்சட்டியை என் பழம்புடவையில் சுற்றிக் கொடுத்தேன். எவர்சில்வர் பாத்திரத்தை அவர் எடுக்கவில்லை.

"நீங்க வெச்சுக்குங்க அத்தை. சுலோசனா பேரு இருக்குது."

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"தடவிப் பாருங்க, போதும்."

எதிர்வாசலில் விஜயலட்சுமி நின்றாள். "எங்க பயணம், சீனாவுக்கா?"

"இல்லக்கா, ஆம்பூருக்கு" என்றார், மரியாதையாக.

மூக்கில் கைக்குட்டை கட்டாமல் வாசலைத் தாண்டினார். தெருமுனைவரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே ஒரு இடத்தில்தான் நின்றார்.