லூபெக்கில் சின்னம்மா அம்மாவான நாள்

பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்று வெருட்டியே என்னை வளர்த்த அப்பா, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில் காரை ஓட்டிக்கொண்டே என்னை ஒரு பொய் சொல்லச் சொன்னார்.

"இண்டைக்கு ஆரும் கேட்டால் இது அம்மா எண்டு சொல்லோணும். விளங்குதோ?"

இது என்று அவர் சொன்னது முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் இருந்த சின்னம்மாவை. அம்மாவின் ஒரே தங்கை. அம்மாவின் சிவப்புக் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்துவரை எல்லாப் பொத்தான்களையும் பூட்டி, அம்மாவைப் போலவே தலைமயிரை நடுவில் வகிடு பிரித்துக் கட்டியிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நாங்கள் ஹம்பர்க்கில் இருந்தோம். சின்னம்மா, ஊரில் போர் முடிந்த பிறகு தனியாக வந்து சேர்ந்தவள், பக்கத்து மாநிலத்தில் ஒரு பைன் காட்டுக்குள் இருந்த அகதிகள் விடுதியில் இருந்தாள். முன்பு இராணுவம் இருந்த கட்டடம் அது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நால்வரும் போவோம். அவளுடைய அறையில் கட்டிலில் இருந்தபடி அம்மா கொண்டுபோன சோற்றைச் சாப்பிடுவோம், திரும்பிவிடுவோம். விடுதிக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அதன்மேல் ஏறி நின்றால் தூரத்தில் லூபெக் நகரத்தின் ஏழு கோபுரங்களும் தெரியும். சின்னம்மா அவற்றை எனக்கு விரல் நீட்டிக் காட்டுவாள். ஊரில் அவள் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவள். அந்த நகரத்துக்குப் போகாமலே அதன் தெருக்களைப் பற்றி அரை மணி நேரம் கதைக்கக்கூடியவள்.

அன்றைக்கு அம்மா வரவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்றாள். நாங்கள் வெளிக்கிடும்போது காய்ச்சல்காரன் சோபாவிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து சோபாவுக்கும் குதித்துக்கொண்டிருந்தான். என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

அந்த வயதில் எனக்கு உலகத்தைப் பற்றித் தெரிந்ததில் பாதி, வீட்டில் இருந்த தமிழ்ப்படத் தட்டுகளிலிருந்து வந்தது. படங்களில் கதாநாயகி கதாநாயகனை 'அத்தான்' என்று கூப்பிடுவாள். சின்னம்மாவும் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டாள். அதுவரை அதில் நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு, அம்மாவின் கோட்டுக்குள் இருந்துகொண்டு அவள் "அத்தான், இதிலை திரும்புங்கோ" என்றபோது என் காது கூர்மையாயிற்று.

காரை நகரத்துக்கு வெளியே விட்டுவிட்டு ஒரு பாலத்தால் நடந்து உள்ளே போனோம். லூபெக்கின் பழைய நகரம் முட்டை வடிவில் ஒரு தீவு. ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் கால்வாய். எந்தத் தெருவால் இறங்கினாலும் கடைசியில் தண்ணீர் வந்துவிடும். சின்னம்மா அதை ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் வரைந்து கொண்டுவந்திருந்தாள். தேவாலயங்கள், பாலங்கள், நகர வாசல் எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டிருந்தாள். இவ்வளவு முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கிறாள் என்பது என் மனத்தில் அழுத்தமாகப் பதிந்தது.

பாலத்தில் நின்று அவள் தண்ணீரைக் காட்டினாள். "உப்பெல்லாம் முந்தி கால்வாயாலை வள்ளத்திலைதான் வந்தது, அத்தான். அறுநூறு வருசத்துக்கு முந்தி மனுசர் கையாலை வெட்டின கால்வாய். நல்ல தண்ணியிலை உப்பு வந்திருக்கு, பாருங்கோ."

அப்பா தலையாட்டினார். அம்மா ஏதாவது சொன்னால் அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அங்கே வந்த ஒரு வயதான ஜெர்மன்காரர், தானாகவே அப்பாவின் கமராவை வாங்கி எங்கள் மூவரையும் படமெடுத்தார். அப்பாவிடம், மனைவிக்கு இன்னும் கிட்ட நில்லுங்கள் என்று சொல்லிக் கையாலும் காட்டினார். அப்பா பாஸ்போர்ட்டுக்குப் படமெடுக்க நிற்பவர்போல விறைத்துக்கொண்டு அரை அடி நகர்ந்தார். சின்னம்மா என்னை இழுத்து நடுவில் நிறுத்தினாள். மனைவி என்ற சொல்லை இருவரில் ஒருவர்கூடத் திருத்தவில்லை.

அந்த நகரத்தில் சில வீடுகளின் அடிப்பக்கத்தில், கதவுக்குப் பக்கத்திலேயே, ஒரு பொந்து இருக்கும். அதற்குள் குனிந்து நுழைந்தால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை, ஒழுங்கையின் முடிவில் ஒரு முற்றம், அதைச் சுற்றிப் பொம்மை வீடுகள்போலச் சின்னச் சின்ன வீடுகள். நகரத்துக்குள் இடம் போதாமல் போனபோது ஏழைகளுக்காகப் பின்வளவில் கட்டியவை. சின்னம்மாவுக்கு அவை எல்லாவற்றுக்குள்ளும் போக வேண்டும்.

"ஒரு சவப்பெட்டி போற அகலமாவது விடோணும் எண்டு சொல்லித்தான் வச்சவையாம்," என்று குனிந்துகொண்டே சொன்னாள். அதைக் கேட்டு நிமிர்ந்த அப்பாவின் தலை உத்தரத்தில் மோதியது. சின்னம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதேயில்லை. அப்பாவும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை என்று தோன்றியது. ஒரு யன்னல் திரை விலகி ஒரு பெண் எட்டிப் பார்த்ததும் இருவரும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டார்கள். பிழை செய்யாதவர்கள் ஏன் அப்படி மூடவேண்டும் என்று நான் யோசித்தேன். அதன் பிறகுதான் கவனித்தேன். ஆட்கள் கூடும் இடத்தில் அப்பா மெதுவாகக் கதைத்தார். தெருமுனைகளில் முதலில் தான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார்.

பெரிய தேவாலயத்துக்குள் ஒரு கோபுரத்தின் அடியில் இரண்டு மணிகள் தரையில் உடைந்து கிடந்தன. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கோபுரம் எரிந்தபோது மேலேயிருந்து விழுந்தவை. விழுந்த இடத்திலேயே, தரையில் பதிந்தபடி, அப்படியே விட்டிருந்தார்கள். சின்னம்மா கம்பிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன் இன்னும் எடுக்கேல்லை?" என்று கேட்டாள்.

"விழுந்தது தெரியோணும் எண்டு விட்டிருக்கினம்போலை," என்றார் அப்பா.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், தோள்கூட அசையாமல். அப்பா தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்தார். அம்மா ஸ்திரிக்கை பிடித்து மடித்துக் கொடுத்த கைலேஞ்சி. உடைந்த மணிக்கு ஆர் அழுவார்கள்? அவள் வேறெதற்கோ அழுகிறாள், அது அப்பாவுக்குத் தெரியும், எனக்கு மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதில் முக்கால்வாசி சரி என்பதுதான் வேடிக்கை.

பின்னேரம் ஆற்றங்கரையில், பழைய உப்புக் களஞ்சியங்களுக்கு எதிரே, ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சின்னம்மா மூக்கைத் துடைக்கக் கைப்பையைத் திறந்தபோது ஓர் அட்டை கீழே விழுந்தது. நான் எடுத்தேன். அம்மாவின் அடையாள அட்டை. அம்மாவின் முகம், நாடியில் அம்மாவின் மச்சம்.

"இது அம்மான்ரை," என்றேன்.

அப்பா அதை என் கையிலிருந்து பிடுங்கிச் சின்னம்மாவிடம் கொடுத்தார். "பேந்து சொல்லுறன். இப்ப வாயை மூடிக்கொண்டிரு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோட்டு, பிறகு அப்பா, பிறகு கைலேஞ்சி, இப்போது அம்மாவின் முகமும் போய்விட்டது. அம்மாவுக்கு என்று மிச்சம் இருந்தது நானும் தம்பியும்தான். ஒன்றும் அறியாமல் அவள் வீட்டில் இருந்து ஒரு காய்ச்சலுமில்லாத பிள்ளைக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது கரையோரமாக இரண்டு பொலிசார் நடந்து வந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். அப்பா குனிந்து, கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டத் தொடங்கினார். சின்னம்மா தண்ணீரைப் பார்த்தாள். கைப்பையின் வாரை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள். சில மாதங்களுக்கு முன் எங்கள் வகுப்புக்கு ஒரு பொலிஸ்காரர் வந்து, தெரிந்த பெரியவர்கள் செய்வதுகூடச் சரியில்லை என்று பட்டால் தயங்காமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்று படிப்பித்துவிட்டுப் போயிருந்தார். நான் வகுப்பில் சொன்னதை அப்படியே கேட்கிற பிள்ளை. எழுந்து போய் அந்தப் பெண்ணின் முன்னால் நின்றேன்.

"அங்கே இருப்பது என் அம்மா இல்லை," என்றேன், நல்ல ஜெர்மனில்.

இருவரும் என்னோடு வாங்குவரை வந்தார்கள். அப்பா எழுந்து நின்றார். அவருடைய முகத்தில் நிறமே இல்லை. ஆண் பொலிஸ் மரியாதையாக அட்டைகளைக் கேட்டார். அப்பா தன்னுடையதைக் கொடுத்தார். சின்னம்மா அம்மாவுடையதைக் கொடுத்தாள். பெண் பொலிஸ் அதை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"அம்மா இல்லை என்றால், இவர் உனக்கு ஆர்?"

"சின்னம்மா."

"அது அவருடைய பெயரா?"

"இல்லை. நான் அப்படித்தான் கூப்பிடுவேன்."

"அதற்கு என்ன அர்த்தம்?"

ஏழு வயதிலிருந்தே அம்மாவுக்கு வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்திலும் மொழிபெயர்த்தவள் நான். மொழிபெயர்ப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பிழை வந்துவிடக்கூடாது என்று சொல்லை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கவனமாக ஜெர்மனுக்கு மாற்றிச் சொன்னேன்.

"சின்ன அம்மா."

ஆண் பொலிஸ் சின்னம்மாவின் உயரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவள் அப்பாவின் தோளுக்குக்கூட வரமாட்டாள். பெண் பொலிஸ் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தாள். சின்னம்மாவின் நாடியைப் பார்த்தாள். திரும்ப அட்டையைப் பார்த்தாள். பிறகு எழுந்து அதைச் சின்னம்மாவின் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்படியென்றால் உன் சின்ன அம்மாவின் கையைப் பிடித்துக்கொள். இந்தக் கரையில் தடுப்புக் கம்பி இல்லை."

அவர்கள் போய்விட்டார்கள். பொலிசும் இவர்களோடு சேர்ந்துவிட்டது என்பது எனக்கு உறுதியாயிற்று.

அந்தக் காலத்தில் சின்னம்மாவைப் போன்றவர்களுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளில் எழுதியிருந்த மாவட்டத்தின் எல்லையை அனுமதியில்லாமல் தாண்டுவது குற்றம். வைத்தியம், வழக்கு என்றால் விண்ணப்பித்து அனுமதி எடுக்கலாம். ஒரு நகரத்தை நடந்து பார்க்க ஆசையாக இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க அந்தப் படிவத்தில் இடமில்லை. அடுத்தவரின் அட்டையோடு பிடிபட்டால் அவளுடைய அகதி விண்ணப்பம் மட்டுமல்ல, அப்பாவின் வேலைகூடப் போயிருக்கலாம். ஓர் அட்டையோடு இரண்டு பேர் நடக்க முடியாது என்பதால்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது பதினேழு வயது. அதற்குள் சின்னம்மாவுக்கு விசா கிடைத்து, பான் நகரத்துக்குப் போய், முதியோர் இல்லத்தில் வேலையும் எடுத்துவிட்டாள். அந்தப் பெண் பொலிசுக்கு உண்மையாகவே விளங்கவில்லையா, விளங்கித்தான் விட்டாளா என்று நானும் சின்னம்மாவும் இன்றும் வாதாடுவோம்.

அன்றைக்கு அப்பா, "காணும், பாத்தது போதும், வெளிக்கிடுவம்," என்றார்.

"இன்னும் ஒரு கோபுரம் இருக்கு, அத்தான்," என்றாள் சின்னம்மா.

அப்பா முன்னால் நடந்தார். நான் சின்னம்மாவின் கையைப் பிடித்திருந்தேன், பொலிஸ் சொன்னபடியால். கடைசிக் கோபுரத்தின் அடிக்குப் போய் அவள் செங்கல்லை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். கடித உறையில் அதன் இலக்கத்தை வெட்டினாள். என்னை ஒருவரும் ஏசவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சந்தேகமாக இருந்தது.

சின்னம்மாவை விடுதியில் விட்டுவிட்டு நாங்கள் வீடு வந்தபோது அம்மா குசினியில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். அப்பா காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் நான் ஓடிப்போய், கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கோட்டு. அட்டை. பாலத்தில் எடுத்த படம். ஒழுங்கைக்குள் இருவரும் சிரித்தது. கைலேஞ்சி.

அம்மா கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள், "கோட்டு அளவாய் இருந்ததே?" என்று கேட்டாள். பிறகு, "என்ன சாப்பிட்டனீங்கள்? அவள் நல்லா நடந்தவளே? ஏழு கோபுரத்தையும் பாத்தவளே?" எந்தத் தெரு எப்படி இருந்தது, தண்ணீர் என்ன நிறம், அந்தப் பொந்துகளுக்குள் பூச்சாடி வைத்திருந்தார்களா என்றெல்லாம் கேட்டாள். பொலிசிடம் நான் போனதைச் சொன்னபோது மட்டும் மாவுக்குள் இருந்த கை நின்றது. முழுவதையும் கேட்டு முடித்ததும் அப்படியே குசினித் தரையில் இருந்துவிட்டாள். மாக்கையோடு என்னை இழுத்து மூச்சு முட்டக் கட்டிப்பிடித்தாள்.

அப்பாவைப் பறிகொடுத்த துக்கம் என்று நினைத்து நான் அவளுடைய முதுகைத் தடவினேன்.

"நீங்கள் ஏனம்மா வரேல்லை? நீங்கள் வந்திருந்தால் ஒண்டும் நடந்திருக்காது."

அம்மா என்னை விலக்கி, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நானும் வந்தனான்தானே," என்றாள்.

அம்மாவும் பொய் சொல்லத் தொடங்கிவிட்டாள். இனி இந்த வீட்டில் நம்பக்கூடியவன் தம்பி ஒருவன்தான் என்று முடிவு செய்து, அவனைத் தேடிப் போனேன்.