செவந்தி மாலை

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் சீர் என்கிற சடங்குகளை நடத்தி வைக்கும் அருமைக்காரி கை பட வேண்டும். பாலில் நனைத்த அருகம்புல்லைப் பெண்ணின் தலையில் வைத்து வாழ்த்துகிற கை அது. சிங்காநல்லூரிலிருந்து போத்தனூர் வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் சீர் ஒன்று தப்பியதில்லை. அருகையும் கடையில் வாங்க மாட்டேன். வரப்பில் நானே பறிப்பேன்.

பிறந்ததிலிருந்தே கரப்பான் உடம்பு எனக்கு. கழுத்தும் முழங்கை மடிப்பும் வறண்டு அரிக்கும். போன வருஷம் அது கையிலும் முகத்திலும் ஏறி நீர் வடிந்தது. ஆர்.எஸ்.புரத்தில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். சீட்டைப் படிக்க ஆள் வேண்டுமே என்று ஓரகத்தியைக் கூட்டிப் போனேன். என் கொழுந்தனார் மனைவி. அவளும் அருமைக்காரிதான். நான் இருக்கும்போது அவளை யார் கூப்பிடுவார்கள்?

எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்க முதுகில் என்னென்னவோ ஒட்டி அனுப்பினார்கள். மறுபடி போனபோது டாக்டரம்மா பிரித்துப் பார்த்தார்.

"வரப்புல வெள்ளையாப் பூக்குமே பார்த்தீனியம், அது உங்களுக்கு ஆகாதுங்கம்மா. செவந்தியும் அந்த வகைதான், பக்கத்துலயே சேர்த்தாதீங்க. இது யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க."

பஸ்ஸில் ஓரகத்தி, "செவந்தி இல்லாத கல்யாணம் எங்கிருக்குதுங்கக்கா? இனி ஊட்டுலயே இருந்துக்குங்க" என்றாள்.

"நான் செத்தாலும் உன்னையக் கூப்பிட மாட்டாங்க அம்மணி, ஆசைப்படாத" என்றேன்.

தை மாதம் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மேடையில் சீர் நடக்கும்போது அவள் ஒரு மாலையோடு ஏறி வந்தாள். கைத்தண்டி கனத்தில் மஞ்சள் செவந்தி.

"எங்கக்காவுக்கு ஒரு மரியாதை பண்ண வேண்டாமுங்களா?"

சபையே பார்த்தது. வேண்டாம் என்றால் கல்யாண வீட்டுக்கு அவமானம். ஏன் வேண்டாம் என்பதை அவளே மைக்கில் சொல்வாள். கழுத்தை நீட்டினேன். சீர் முடியும் வரை கழற்றவுமில்லை.

விடிந்தபோது கண் இமை வீங்கி மூடிக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் கொப்புளம். அப்படியே முகூர்த்தத்துக்குப் போனேன். அருகைப் பாலில் நனைத்துக் குனிந்தேன். பெண் என் முகத்தைப் பார்த்துத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது ஒட்டாது கண்ணு" என்றேன்.

அவள் அம்மா நடுவில் வந்து நின்றாள். "உங்களுக்கு ஏனுங்க சிரமம், செத்த உக்காருங்க. சின்னக்கா பண்ணட்டுமுங்க."

ஓரகத்தி அதற்குள் கையை நீட்டிவிட்டாள். அருகை அவள் கையில் வைத்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாதபடி செய்தாள். நான் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வரப்புப் பக்கம் இப்போது போவதில்லை. மருந்துக்குக் கேட்டது. கை வழவழவென்று இருக்கிறது. அழைப்பிதழ்த் தட்டுகள் என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டு ஓரகத்திக்குப் போகின்றன.

நேற்று அவள் மதில் மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு வந்துருங்க. முன்வரிசையில உக்கார வெச்சு, உங்களுக்கு மாலை போடச் சொல்லியிருக்கறனுங்க."

என்ன பூ என்று நான் கேட்கவில்லை.

"வாரேன்" என்றேன்.