நர்ஸம்மாவின் ஸ்டெப்னி

மலையூர்களுக்குத் தனியாக ஜீப் ஓட்டிப்போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா, காலையிலேயே பட்டறைக்கு வந்துவிட்டார். நான்கு சக்கரத்துக்கும் பெரிய டயர் போட்டிருந்தார். மாற்று டயரான ஸ்டெப்னியும் பெரிதாகிவிட்டதால், வண்டிக்கு அடியிலிருந்த பழைய இடத்தில் அது நுழையவில்லை.

"கூரை மேல போட்டுடலாம்மா, எல்லாரும் அதான் கேக்குறாங்க," என்றார் வெல்டர். இருபது வருடமாக இதே தொழிலில் ஊறியவர்.

"மேலேர்ந்து யாரு தம்பி எறக்கித் தருவா?"

"அப்ப பின்கதவுல மாட்டிடவா?"

"வலி வந்த பொண்ண அந்த வழியாத்தான் ஏத்தணும். இந்தக் கனத்துல கீல் தொங்கி, கதவு தெறக்கலைன்னா?"

வெல்டர் தலையைச் சொறிந்தார். "இதை நீங்களே தூக்குவீங்களாம்மா?"

ஐம்பதைத் தாண்டிய, வெல்டரின் தோளுக்குக்கூட எட்டாத அந்த அம்மா, கீழே கிடந்த டயரை நிமிர்த்தினார். முழங்காலால் முட்டுக்கொடுத்து, தொடைமேல் ஏற்றி, ஒரே மூச்சில் இடுப்புவரை கொண்டுவந்து நின்றார்.

"இதுக்கு மேல வராது. போன மழையில டயர் பஞ்சராகி, சேத்துல நின்னு தூக்குனப்பவும் இவ்ளோதான் முடிஞ்சுது. வண்டிக்குள்ள ஒருத்தி வலியில துடிச்சிட்டிருந்தா."

வெல்டர் ஓடிப்போய் டயருக்கு அடியில் டேப்பைப் பிடித்து அளந்தார். கதவில் பாரம் விழாதபடி, அதே உயரத்தில், டயரோடு பம்பரிலிருந்து பக்கவாட்டில் ஒதுங்கிக் கதவுக்கு வழிவிடும் இரும்புக் கை ஒன்றை அன்றைக்கே அடித்து முடித்தார். நர்ஸம்மா டயரைத் தானே மாட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மனைவி தட்டு வைத்தபோதும் வெல்டருக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

"இன்னிக்கு ஒரு மனுஷியப் பாத்தேன்டி," என்றார்.